மோட்டார் இயங்குகிறது

மூன்று நாள் ஒரு மோட்டாரை வெறுங்காற்றில் ஓடவிட்டு, நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பதாக நம்பியவன் நான். பம்புகளைப் பற்றிப் புத்தகமெல்லாம் படித்தவன் என்பதுதான் இதில் கூடுதல் கேவலம்.

என் மனைவியின் தம்பி புவனகிரிப் பக்கம் பயிர் வைக்கிறான். மகளைக் கல்லூரியில் சேர்க்க வெளியூர் கிளம்பியபோது நாற்றங்காலை என்னிடம் ஒப்படைத்தான்.

“சிதம்பரத்துலேருந்து தெனம் ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க மாமா. பம்புல ஒரு குடம் சாணித் தண்ணி ஊத்திட்டு சுச்சப் போடுங்க. அவ்ளோதான்.”

கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்க ஒரு மூடி உண்டு. அது தேய்ந்து ஒழுகியது. சாணி போய் இடுக்கை அடைத்தால்தான் குழாய் நிறையும். நிறைந்தால்தான் பம்பு இழுக்கும். இந்த வைத்தியம் என் படிப்புக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. போனிலிருந்தே மோட்டாரைப் போடும் கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டேன்.

தினமும் நான் வேலை பார்க்கும் கடலூர் அலுவலகத்தில், எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கருவியின் எண்ணை அழுத்துவேன். “மோட்டார் இயங்குகிறது” என்பாள் கருவிக்குள் பதிவு செய்த குரலாக ஒருத்தி.

“சார் நாற்காலியிலயே வெவசாயம் பாக்குறாரு” என்றார் பக்கத்து மேசைக்காரர். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

அவள் பொய் சொல்லவில்லை. மோட்டார் இயங்கத்தான் செய்தது. தண்ணீர் வருகிறதா என்று அவளுக்குத் தெரியாது. விரலால் உலகத்தை நடத்தும் என் போன்ற மேதாவிகளுக்கு அது தேவையுமில்லை.

நாலாம் நாள் மச்சான் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டான். போனேன். நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பம்பிலிருந்து தீய்ந்த வாடை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாணியைக் கரைத்து ஊற்றினான், குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தினான், சுவிட்சைப் போட்டான். பம்பு இரண்டு தடவை இருமிவிட்டுப் பச்சையாகத் தண்ணீரைக் கக்கியது.

பாதி நாற்றுதான் பிழைத்தது. மீதிக்கு அவன் பக்கத்து நிலத்துக்காரர் வாசலில் போய் நின்றான்.

நடவு முடிந்த பிறகு, மானத்தைக் கொஞ்சம் மீட்கலாமென்று சொல்லிப் பார்த்தேன்: “கருவி மேல ஒன்னும் தப்பில்ல மச்சான்.”

“தப்பே இல்ல மாமா. சாணித் தண்ணி ஊத்தணும்னு அதுகிட்டயா சொன்னேன்? ஒங்ககிட்டதான சொன்னேன்.”