கையில் ஏறாத செருப்பு

மதுரைப் பழங்காநத்தத்தில் இறங்கி, டயர் கடை மலைச்சாமி என்று சொன்னால் போதும். ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்த மலைச்சாமி நான்தான். படித்தது மூன்றாம் வகுப்பு. பஞ்சர் கடையில் டியூப்பைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கும் வேலையில் தொடங்கியவன், இன்றைக்கு லாரி டயருக்கு ரப்பர் ஏற்றும் பட்டறைக்கு முதலாளி. வில்லாபுரத்தில் மாடி வீடு. மகன் பீமாராவ் ஓசூரில் இன்ஜினியர், மகள் தமிழ்வாணி டாக்டர். இதில் எதையும் எவரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. சொல்லிக்கொள்ளக் கூச்சமும் இல்லை. உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

என் காலில் கிடப்பது டயர் செருப்பு. பழைய லாரி டயரில் என் கையால் வெட்டியது. கல்யாண வீட்டுக்கும் அதுதான், கலெக்டர் ஆபீசுக்கும் அதுதான். செருப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் முரடன். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா பெயர் காளை. மேலூருக்குக் கிழக்கே ஒரு ஊரில் அடுத்தவர் வயலில் கூலி வேலை. ஒரு வருசம் அறுப்பு முடிந்ததும் சந்தையில் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கினார். ஆனால் எங்கள் தெருவை விட்டு வெளியே போக வேண்டுமானால் நிலக்காரர்களின் தெருவைத் தாண்டியாக வேண்டும். அங்கே எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்பா அக்குளில் இடுக்கிக்கொள்வார். அந்தச் செருப்பின் அடி தேயவே இல்லை. வார்தான் வேர்வையில் இற்றுப்போனது. ஏன் தூக்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டா அடிப்பாக. தூக்குனா விட்டுருவாக," என்றார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சாமி வாசலில் செருப்பைக் கழற்றுவேன். ஆனால் செத்தாலும் கையில் தூக்க மாட்டேன். இத்தனை வருசத்தில் அதற்கு ஒரு பங்கமும் வந்ததில்லை. வந்தது போன மாசி மாதம், அதுவும் ஒரு குன்றின் மேல்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. தமிழ்வாணி இரண்டு சட்டம் போட்டாள். தினமும் நடக்க வேண்டும். வெறுங்காலோடு வாசலில்கூட இறங்கக் கூடாது. சர்க்கரைக்காரன் காலில் முள் குத்தினால் தெரியாது, தெரிவதற்குள் புண் ஆகிவிடும் என்றாள். பக்கத்து வீட்டுப் பாலசுந்தரம், சுங்குடிச் சேலை வியாபாரி, என்னை ஞாயிற்றுக்கிழமை நடைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டான். அவன் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். என்னைத் திட்டுவது மட்டும் நல்ல தமிழில்.

ஊரை ஒட்டி மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு குன்று. நாலு பக்கமும் பிளாட் போட்டு வீடுகள் வந்த பிறகு, மிச்சமிருக்கட்டும் என்று காட்டிலாகா வேலி அடித்து, பாறைகளில் அம்புக்குறி வரைந்து, நடைபாதை ஆக்கியிருக்கிறது. உசிலையும் ஆவாரையும் அடர்ந்த காடு. மயில் அகவும். உச்சியில் நின்றால் வைகை வறண்டு கிடப்பது வரைக்கும் தெரியும் என்றார்கள். கூட்டத்தில் வந்த பேங்க் ஆட்கள், வாத்தியார்கள், எல்லார் காலிலும் பளபளவென்று ஷூ. கூட்டத்தை நடத்துகிறவன் பாலசுந்தரத்தின் அக்கா மகன் கார்த்திகேஷ்.

"இந்தச் செருப்போட பாறை ஏறிருவீங்களா அண்ணே?" என்றான்.

"லாரியே ஏறுது மாப்ள, நான் ஏற மாட்டனா?" என்றேன்.

ஏறினேன். பாதி வழியில் பேங்க் மேனேஜர்கள் இடுப்பில் கை வைத்து நின்றபோது, நான் அவர்களைத் தாண்டிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சற்று மேலே பாதை ஒரு கோயில்காட்டுக்குள் நுழைகிறது. அய்யனார் காடு. அடிவாரத்துக் கீழூர்க்காரர்கள் அதற்குள் செருப்போடு போவதில்லை. காட்டிலாகாவும் அந்த வழக்கத்தை மதித்து இரண்டு எல்லையிலும் கல் நட்டிருக்கிறது. எல்லையில் நின்ற காவலாள் அன்னக்கொடி, கீழூர்ப் பெண். எல்லாரையும் கழற்றச் சொன்னாள். எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் எல்லாரும் கழற்றிய ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு, அக்குளில் செருப்போடு முன்னால் நடக்கும் அப்பாவின் முதுகு தெரிந்தது.

நான் செருப்பைக் கல்லுக்குக் கீழே ஓரமாக விட்டேன்.

"கையில எடுத்துக்கங்கய்யா," என்றாள் அன்னக்கொடி. "காட்டுக்கு அங்கிட்டு முழுக்கப் பாறையும் முள்ளும்."

"சாமி வாசல்ல விட்டுட்டுத்தான் போவோம், தூக்கிட்டா போவோம்?" என்றேன்.

அப்பா செருப்புக் கதை பாலசுந்தரத்துக்குத் தெரியும்; மகளின் சட்டமும் தெரியும். குனிந்து என் செருப்பை எடுக்கப் போனான். "நீ தூக்க வேணாம்யா. நான் தூக்கிட்டு வாரேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்கப்பா தூக்குனது போதும் பாலசுந்தரம். என் செருப்பு இனி எவன் கையிலயும் ஏறாது. உன் கையிலயும்தான்."

"அப்பக் கீழ எறங்கு. காலு போயிரும்."

"எறங்கவும் மாட்டேன்."

கோயில்காட்டுக்குள் மண் குளுகுளுவென்று இருந்தது. மேல் எல்லையைத் தாண்டியதும் பாறை. மாசி வெயில் ஏறியிருந்தது. மற்றவர்கள் உட்கார்ந்து ஷூ மாட்டினார்கள். நான் நிற்காமல் நடந்தேன். பாலசுந்தரம் என் பாதத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு. உச்சியில் முதலில் நின்றவன் நான். வைகை தெரிந்தது, வெள்ளை மணலாக. அங்கே அவன் என்னை உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். குதிகாலில் முள் ஒடிந்து உள்ளே இருந்தது. எனக்குக் குத்தியதே தெரியவில்லை.

தமிழ்வாணி அதை எடுத்துக் கட்டுப் போட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. "புண்ணு ஆறிடும்ப்பா. இன்னொரு தடவை இப்படிப் போனா வெரல எடுக்க வேண்டி வரும். குன்று வேணுமா, காலு வேணுமான்னு நீங்களே சொல்லுங்க," என்றாள்.

இரண்டும் வேண்டும் என்றேன்.

புண் ஆறும்வரை கட்டிலில் கிடந்து யோசித்தேன். ஆறியதும் பட்டறையில் நல்ல கெட்டியான டயராகப் பார்த்து இன்னொரு ஜோடி வெட்டினேன். ஒரு வாரநாளில் அதைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் குன்றின் பின்பக்கம் போய் இறங்கினேன். அங்கேயும் ஒரு பாதை உண்டு; சுற்று வழி, செங்குத்து, கூட்டம் அந்தப் பக்கம் வராது. செருப்புக் காலோடு உச்சி ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, கோயில்காட்டின் மேல் எல்லைக் கல் பக்கத்தில் புது ஜோடியைக் கழற்றி விட்டேன். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுக் காட்டைக் கடந்தேன். கீழ் எல்லையில் பழைய ஜோடியோடு தான் காத்திருப்பதாக ஆட்டோக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அதுவும் தூக்குவதுதான், வேண்டாம் என்று முதல் நாளே நானே வந்து பழைய ஜோடியை அங்கே விட்டுப் போயிருந்தேன். அன்றைக்கு இறங்கி வீட்டுக்குப் போக மட்டும் வேறொரு பெரிய ஜோடியைப் பழையதன் மேலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஆமாம், மூன்று ஜோடி. வெட்டத் தெரிந்தவனுக்கு என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எல்லையில் நின்று கழற்றித் தூக்கியது. நான் கழற்றி விட்டுவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு காட்டைக் கடந்தேன். மேல் எல்லையில் என் செருப்பு எனக்காகக் கிடந்தது. மாட்டிக்கொண்டு ஏறினேன்.

கார்த்திகேஷுக்குப் பொறுக்கவில்லை. "யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டா என்னண்ணே செய்வீங்க?"

"மதுரையில டயருக்கா பஞ்சம்? இன்னொண்ணு வெட்டிட்டுப் பின்பக்கமா ஏறி வருவேன்."

பாலசுந்தரம் தன் ஷூ இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான்.

"எனக்கும் ரெண்டு ஜோடி வெட்டுய்யா," என்றான்.

வெட்டித் தருகிறேன் என்றேன். ஆனால் மேல் எல்லையில் விட வேண்டிய ஜோடியை அவனேதான் காலில் போட்டுக்கொண்டு குன்றின் பின்பக்கமாக ஏறி வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.