கட்டிலுக்கு அடியில் நான்கு கட்டைகள்

எங்கள் கட்டில் இன்னும் நான்கு கட்டைகளின் மேல்தான் நிற்கிறது. நெதர்லாந்தில் வீட்டிலேயே பிள்ளை பெறுவதென்றால் முதலில் கட்டிலை இடுப்புயரத்துக்குத் தூக்கிவைக்க வேண்டும். இந்தக் கட்டைகளுக்கு க்ளோஸன் என்று பெயர், வாடகைக்குக் கிடைக்கும். குனிந்து குனிந்து தன் முதுகு போய்விட்டது என்றார் சைக்கிளில் வந்திறங்கிய மருத்துவச்சி. பிரசவ வலி பற்றி நான் படித்துத் தயாரித்திருந்த கேள்விகளெல்லாம் அவருடைய முதுகுவலிக்கு முன்னால் கூசிப்போயின. கடலூரில் கட்டிலுக்குச் செங்கல் வைப்பது ஐப்பசி, கார்த்திகையில், வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வரும்போதுதான். அதனால் படுக்கையறைக்குள் நுழையும்போதெல்லாம் என் கால் தரையில் ஈரம் தேடும்.

2005இல் என் மனைவி செல்வியைத் தலைப்பிரசவத்துக்குக் கடலூர் செம்மண்டலத்திலிருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். சிதம்பரத்தில் ஒரு டாக்டருக்குக் கைராசி என்று யாரோ சொல்ல, அத்தை அங்கேதான் என்று பிடிவாதமாக நின்றார். வலி வருவதற்கு ஓர் ஊசி, வந்த வலி தெரியாமலிருக்க இன்னொன்று. பிரசவ நேரத்துக்கு விடுப்பெடுத்து வந்திருந்த நான் வராந்தாவில் நடந்தேன். தகப்பனுக்கு அங்கே கொடுக்கப்பட்ட ஒரே வேலை அது. நர்ஸ் கொண்டுவந்த மகள் கைமாறிக் கைமாறிப் போனாள். மூக்கு எந்த வீட்டுடையது என்று வழக்கு நடந்து தீர்ப்பும் வந்த பிறகுதான் செல்விக்கு மயக்கம் தெளிந்தது. "எல்லாரும் பாத்தாச்சா?" என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து, இங்கே இரண்டாவது பிள்ளை உண்டானபோது சொன்னாள்: "இத நான்தான் மொதல்ல பாக்கணும். ஊசி வேணாம்." மருத்துவச்சிக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. வியப்பெல்லாம் செம்மண்டலத்திலிருந்து தொலைபேசியில் வந்தது. "இன்னா மாமா, அங்க டாக்டருங்கல்லாம் ஸ்டிரைக்கா?" என்றான் மச்சினன் குமார். "கம்மாபுரத்துக்கே ஆம்புலன்ஸ் வருது. நீங்க ஃபாரின் போயி வீட்ல பெத்துக்கறேன்றீங்க!" அத்தை போனைப் பிடுங்கினார். கடலோரக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். "வீட்ல பெத்தவதான் மாப்ள நானு. மொதப் புள்ள தங்கல. அப்பறம்தான் ஆஸ்பத்திரி, அப்பறம்தான் இவ, குமாரு எல்லாம். அவுங்க ஊரு பழக்கம் அவுங்களோட இருக்கட்டும். எம் பொண்ணுக்கு எதுக்கு?" போனைச் செல்வியிடம் கொடுத்தேன். "கண்ண தொறந்துகிட்டு பெக்கறேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வலி கண்ட மத்தியானம் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவந்து, வழக்கப்படி வெளியே நிற்கிறேன் என்றேன். "வெளியே மழை பெய்கிறதே" என்றார் மருத்துவச்சி. மூன்று அறை வீட்டில் வராந்தா ஏது? செல்வியின் கையை என் கையில் வைத்துவிட்டார். அவள் என்னையும் எனக்கு முந்தைய தலைமுறைகளையும் அசல் கடலூர்த் தமிழில் திட்டினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். குடும்பத்தாரை நினைத்துக்கொள்கிறாள் என்றேன்.

"தலை தெரிகிறது, வந்து பாருங்கள்" என்றார். நான் கண்களை இறுக மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு மயக்கம் வருகிறதென்று நினைத்துப் பதறிய மருத்துவச்சி, என்னைத் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னார். மயக்கமில்லை, என் முறை இன்னும் வரவில்லை என்பதை எனக்குத் தெரிந்த டச்சில் சொல்லிப் பார்த்தேன். "பாவம்" என்ற குரலில் ஏதோ சொன்னார். குழந்தை அழுதது. வெகுநேரம் போலிருந்தது. பிறகு மேலிருந்து செல்வியின் குரல்: "பாத்துட்டேன். இப்ப நீங்க பாருங்க."

கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்து செம்மண்டலத்துக்குப் போன் செய்தேன். பையன், இருவரும் நலம் என்றேன். அத்தை மூக்கைக்கூட விசாரிக்கவில்லை.

"யாரு மாப்ள மொதல்ல பாத்தது?"

"செல்விதான் அத்தை."

"நல்லா பாத்தாளா?"

"நல்லா பாத்தா."

"எம் மொதப் புள்ளைய எனக்குக் காட்டவே இல்ல மாப்ள. துணியில சுத்தி எடுத்துனு போயிட்டாங்க."

அவரே பேச்சை மாற்றினார். "இங்க நேத்துலேருந்து ஒரே மழை. வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சி. குமாரு கட்டிலுக்குச் செங்கல் வச்சிக் குடுத்தான், மேல ஏறி ஒக்காந்திருக்கேன்."

"எவ்வளவு தண்ணி அத்தை?"

"கணுக்கால் வரைக்கும் இருக்கும்."

என் கால்களும் தரைக்கு எட்டாமல்தான் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே காய்ந்த மரத்தரை. இருந்தும் மடக்கி மேலே வைத்துக்கொண்டேன்.