செம்மநத்தத்துச் சேற்றில் புல் எண்ணிய கதை

மலைச் சதுப்பில் இறங்கிப் புல் பூண்டைக் கணக்கெடுப்பது பாதி வேலைதான். அது ஒரு வேலை என்று மற்றவர்களை நம்ப வைப்பது மீதி. "ஆபீஸ்ல அப்படி என்னதான் பண்றே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது விழிக்கிற அத்தனை பேரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தாவரவியல் படித்துவிட்டு, ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சேர்வராயன் மலைச் சதுப்புகளில் என்னென்ன செடி இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வருஷம் பார்த்து அறிக்கை தர வேண்டும். எனக்கு வாய்த்தது செம்மநத்தத்தை ஒட்டி, இரண்டு காப்பிச் சரிவுகளுக்கு நடுவே கிடந்த பள்ளம். வருஷம் பூராவும் நீர் கசியும். கோரையும் பாசியும் காலங்காலமாக மக்கி, கறுப்புச் சேறாகக் கிடக்கும். ஊரில் அதற்குப் பெயரே ‘சேறு’தான்.

சட்டத்துக்குள் ஒரு மீட்டர்

பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து வைத்திருந்தேன். அதைச் சேற்றில் போட்டு, உள்ளே இருக்கும் செடிகளை இனவாரியாக எண்ணி எழுத வேண்டும். பிறகு தூக்கி அடுத்த இடத்தில் போட வேண்டும். முதல் நாள் நான் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தபோது, சதுப்புக்குக் கீழே பீன்ஸும் சௌசௌவும் போட்டிருந்த அங்கம்மா அக்கா வந்து வரப்பில் நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

"ஏனுங்க, சர்வேங்களா? ரோடு வருதுங்களா?"

"இல்லீங்க. புல் எண்றேன்."

அவர் போய், பக்கத்துத் தோட்டக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு அங்கம்மா அக்கா சொன்னார்: "அறுக்கறதுக்கு ஆளு கெடைக்க மாட்டேங்குது. எண்றதுக்கு ஆளு வந்திருக்குது பாருங்க!"

ஒற்றைக் கால் பூட்ஸ்

மூன்றாவது வாரம், கோரை நெருக்கமாக இருந்த இடத்தைக் கெட்டியான தரை என்று நம்பிக் கால் வைத்தேன். தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. என் கத்தலைக் கேட்டு ஓடிவந்த அங்கம்மா அக்கா, சௌசௌப் பந்தலிலிருந்து உருவிய சவுக்குக் கம்பை நீட்டி இழுத்துப் போட்டார். நான் வந்தேன், வலது கால் ரப்பர் பூட்ஸ் வரவில்லை.

அதே கோலத்தில், நான் தங்கியிருந்த மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஏறினேன். இடது காலில் பூட்ஸ், வலது காலில் சேறு, இரண்டிலும் அட்டை. ஜீப் டிரைவர் கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அக்கறையாகத்தான் சொன்னார்: "இன்னொண்ணையும் அங்கயே உட்டுட்டு வந்திருக்கலாமுங்க. ஜோடியாச்சும் சேர்ந்திருக்கும்."

ஈ பிடிக்கும் செடி

மழை ஓய்ந்த ஒரு காலையில் அழுகண்ணியைப் பார்த்தேன். சிவப்பாக, சட்டைப் பொத்தான் அளவுக்குத் தரையோடு ஒட்டியிருக்கும். இலை நுனிகளில் பசைத்துளிகள். அதில் ஒட்டும் கொசுவையும் சின்ன ஈயையும் கரைத்துத் தின்னும். சத்தில்லாத சதுப்பில் பிழைக்க அது கண்டுபிடித்த வழி. ஒரே சட்டத்துக்குள் பதினொன்று. அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதிருக்கவும் கூடும்.

அந்தப் பெருமையில் வார்டு மெம்பரிடம் சொல்லிவிட்டேன். பூச்சி தின்னும் செடி என்றதும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் விரலால் காட்டினேன். குனிந்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார், முகம் வாடிவிட்டது. ஆனாலும் வந்தது வீணாகக் கூடாது என்று நினைத்தார் போல. "எங்க ஊட்ல கொசு நொம்பத் தொல்லைங்க. ஒரு நாலஞ்சு புடுங்கிக் குடுங்க" என்றார்.

மரமில்லாத இடம்

சேற்றைத் தோண்டிக் குளமாக்கி, சுற்றுலாக்காரர்களுக்குப் படகு விடுவது என்று திட்டம் வந்தது. பதிவேட்டில் அந்த இடம் ‘பயனற்ற நிலம்’. ஊர்க் கூட்டத்தில் எனக்கும் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். இந்தச் சேறு பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்திருக்கிறது, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது, தோண்டினால் கீழே தோட்டங்களுக்கு வரும் ஊற்றெல்லாம் போய்விடும் என்றேன். படங்கள் காட்டினேன். பின்வரிசையில் அங்கம்மா அக்கா மட்டும் கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்திருந்த அதிகாரி பொறுமையானவர்தான். அதுவரைக்குமான என் அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். "இருக்கறதே புல்லு. ஒரு மரம்கூடக் கிடையாது. இதுல என்னம்மா காப்பாத்தறது? உங்களுக்கு மனசு கேக்கலேன்னா, சுத்தி நூறு தைல மரம் நட்டுடறோம்."

ஆழம்

அடிவாரத்திலிருந்து ஜேசிபி வந்தது. முதலில் சதுப்பின் கீழ்விளிம்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். அங்கே தரை கெட்டி. ஊற்றிலிருந்து அங்கம்மா அக்காவின் தோட்டத்துக்குப் போகும் குழாயில் முதல் நாள் சேறாக வந்த தண்ணீர் மூன்றாம் நாள் சொட்டியது. நான்காம் நாள் வண்டி சேற்றுக்குள் இறங்கத் தயாரானது. "உள்ளார போகாதீங்க, எங்க எருமையே முழுகிப் போயிருக்குது" என்று அவர் கையைக் காட்டிக் கத்தினார். நானும் கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் இரண்டும் கேட்கவில்லை.

பத்தடி போனதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, எருமை படுப்பதுபோல நிதானமாக வயிறு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. ஓட்டுநர் கூரை வழியாக ஏறிக் குதித்தார். நல்லவேளை, அடியில்லை. வண்டியை வெளியே இழுக்க இரண்டு நாளானது. ‘மண் உறுதியற்றது’ என்று எழுதித் திட்டத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சேற்றின் ஆழத்தை நான் பல இடங்களில் கம்பு விட்டு அளந்து, அறிக்கையின் கடைசி இணைப்பில் போட்டிருந்தேன். அந்தப் பக்கம் வரை யாரும் போகவில்லை. கரையில் உட்கார்ந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் என்னிடம் கேட்டார்: "இத்தனை மாசமா எண்ணுனீங்களாமே, ஆழம் எவ்வளவுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

வாய்க்கால்

திட்டம் போய்விட்டது, வாய்க்கால் போகவில்லை. இருந்த நீரெல்லாம் அது வழியே ஓடிக்கொண்டிருந்தது. கோரை நுனி பழுத்தது. வெட்டுப்பட்ட பக்கம் அழுகண்ணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூடச் சொல்லி மனுக் கொடுத்தேன். வெட்டியதற்குத்தான் கோப்பு இருக்கிறது, மூடுவதற்கு இல்லை என்றார்கள்.

ஒரு காலை நான் போனபோது, அங்கம்மா அக்காவும் ஏழெட்டுப் பெண்களும் கல்லும் சவுக்குக் கட்டையுமாக வாய்க்காலுக்குள் நின்றார்கள். வேரோடு வெட்டிய கோரைக் கட்டிகளை இடுக்குகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் படித்தவள் அல்லவா? "அனுமதி வாங்கணுமே அக்கா" என்றேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. "வெட்டுனவங்க என்னையக் கேட்டாங்களா? அடைக்கறதுக்கு நான் ஆரைக் கேக்கோணும்? அந்தக் கட்டைய அப்புடிப் புடி கண்ணு."

பிடித்தேன்.

காரணம்

அடுத்த மழைக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, வெட்டுப்பட்ட பக்கத்தில் ஓரத்திலிருந்து கோரை உள்ளே நகர்ந்து வந்திருந்தது. அழுகண்ணி எதிர்ப்பக்கத்தில் மட்டும்தான். ஆனால் இருந்தது. அங்கம்மா அக்காவின் பீன்ஸுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

வருஷக் கடைசியில் படிவம் வந்தது. ‘சதுப்பு பாதுகாக்கப்பட்டதற்கான காரணம்’ என்ற கட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன்: வண்டி புதைந்தது, பெண்கள் வாய்க்காலை அடைத்தார்கள். சென்னையிலிருந்து மேலாளர் போனில் கூப்பிட்டார். "வண்டி புதைஞ்சதையெல்லாம் எழுத முடியாதும்மா. ‘அறிவியல் அறிக்கையின் அடிப்படையில்’னு போட்டு அனுப்பிட்டேன்."

ஆக, ஒரு சதுப்பைக் காப்பாற்றியதாக என் பெயர் இன்று ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது. அதை யாரும் கடைசிப் பக்கம் வரை படிக்க மாட்டார்கள் என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே நிம்மதி.