கதவடியில் ஈரத்துண்டு

ஈரத்துண்டைச் சுருட்டிக் குளியலறைக் கதவின் அடியில் அடைத்த பிறகே மேல்வீட்டுக்காரர் தீக்குச்சியை உரசுவார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, சன்னலின் உடைந்த கண்ணாடி வழியே புகையை வெளியே ஊதுவார். ஐந்து நிமிடம். பிறகு வாய் கொப்பளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒன்றும் அறியாத முகத்தோடு வெளியே வருவார். அவருக்கு முன்பே வாடை கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

பெட்ரோல் பங்கில் வேலை. அங்கே எட்டு மணி நேரமும் சட்டைப்பையில் தீப்பெட்டிகூட இருக்கக் கூடாது. அந்த விஷயத்தில் அவர் கறார். சிகரெட்டும் கையுமாக வண்டியில் வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், "அதை அணைச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று குழாயைத் திரும்ப மாட்டிவிடுவாராம். "நாள் பூரா வாயைக் கட்டிக்கிட்டு நிக்கிறேங்க்கா. வீட்லயாவது மூச்சு விட வேணாமா?" என்பார் என்னிடம். நான் கீழ் வீட்டுக்காரி. என் வீடு அமைதியாகிப் போனதிலிருந்து மேல்வீட்டுப் பேச்சு முழுவதும் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. அவரோடு சண்டை போடத் தோன்றாது. தூங்கி எழுந்து வரும்போதும் தூங்காதவர் போலத்தான் இருப்பார்.

அவருக்கு மூன்று வயதில் ஒரே மகள். இந்த வருடத்தில் நான்காவது முறையாகக் காதுவலி, காய்ச்சல், தலையணையில் மஞ்சள் கறை. டாக்டரின் கோழிக்கிறுக்கலைப் படித்துச் சொல்லும்படி அவர் மனைவி முந்தாநாள் என்னை மேலே கூப்பிட்டாள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது. மூன்று மாதத்தில் வற்றாவிட்டால் சின்னக் குழாய் வைக்க வேண்டும். அதுவரை குழந்தைக்குக் காது மந்தமாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டும் கூடாது. இந்தக் கடைசி வரிக்கு அடியில் டாக்டர் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

அதை நான் இரண்டாம் முறையும் சத்தமாகப் படித்தேன். அவர் அப்போது குளியலறைக்குள்தான் இருந்தார்.

"பாப்பாவுக்கு நல்லாத்தான் கேக்குது," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வேணும்னே திரும்ப மாட்டா. உன்ன மாதிரியே அழுத்தக்காரி."

மனைவி சிரிக்கவும் இல்லை, சீறவும் இல்லை. "ரெண்டு வருஷமா இதேதான்க்கா. எனக்குத் தொண்டைதான் வத்திப்போச்சு," என்று சீட்டை மடித்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். போய்விட்டேன் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மகள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் பாட்டில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிடவில்லை. சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவளருகே போய், தரை லேசாக அதிரும்படி குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

பழகியவள் போல் அவள் உடனே திரும்பி, தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டினாள்.