மாமனார் கொடுத்த ஐந்து முகம்

பொறாமைக்காரன் என்று என்னைச் சொன்னால் எனக்குக் கோபம் வராது. எழுபதுகளில் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது என் பொறாமையெல்லாம் ஒரே ஆள் மேல்தான். அவர் என் சகலை, அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார். தாமிரபரணிக் கரையில் மாமனார் வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனால் முதல் காபி அவருக்குத்தான் வரும்.

மாமனார் வயலும் சிவபூசையுமாக வாழ்ந்தவர். ஒரு பொங்கலன்று எங்களை உட்காரவைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து ஆளுக்கொரு உருத்திராட்சம் கொடுத்தார். சகலைக்குக் கிடைத்தது புத்தம் புதுசு, ஆறு முகம். எனக்கு ஐந்து முகம். அதுவும் தேய்ந்து வழவழத்துக் கறுத்துப்போன பழசு. முத்துக் குளித்த ஊர்க்காரன் நான். மணி என்றால் புதுசாக இருக்கவேண்டாமா? வயிறு எரிந்தது.

"அப்பா பூசையில போட்டுக்கிட்டிருந்தது மாதிரில்லா இருக்கு" என்றாள் என் மனைவி.

"பாத்தியா, போட்டுக் கழிச்சதை என் தலையில கட்டிட்டாரு" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருச்செந்தூர் போனேன். சாமி கும்பிட என்று வீட்டில் சொன்னது பொய். நேரே ஒரு மணிக்கடைக்குப் போய், "அண்ணாச்சி, அஞ்சு முகம் ஒசத்தியா, ஆறு முகம் ஒசத்தியா?" என்று கேட்டேன்.

"ஒரு முகம் சிவன், ரெண்டு முகம் அர்த்தநாரி, ஆறு முகம் நம்ம முருகன். துளசி மணி பெருமாளுக்கு, தாமரை மணி லட்சுமிக்கு. அஞ்சு முகமும் சிவனுக்குள்ளதுதான். ஆனா அது மூடை மூடையா வருது. யாரு வேணும்னாலும் போடலாம்" என்றார் கடைக்காரர்.

யார் வேண்டுமானாலும்! ஊர் திரும்பும்வரை அந்த வார்த்தை என்னைக் குடைந்தது. அந்த வருஷமே சகலை தலைமையாசிரியர் ஆனார். எல்லாம் ஆறு முகத்தின் வேலை என்று முடிவே கட்டிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மாமனார் காலமானார். துக்க வீட்டுக்குள் உருத்திராட்சத்தோடு நுழைவதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். தெருமுனையிலேயே சகலை தன்னுடையதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ஒங்க பையில போட்டு வையுங்க சகலை, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றார். கண் கலங்கியிருந்தது. என்னுடையதையும் கழற்றிப் பையில் போட்டேன்.

தகனம் முடிந்து ஆற்றில் குளித்துக் கரையேறியதும் கையை நீட்டினார். பைக்குள் விட்ட என் விரலுக்கே தெரிந்தது, எது சொரசொரப்பு, எது வழவழப்பு என்று. வழவழப்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் பார்க்காமலே கழுத்தில் மாட்டிக்கொண்டார். சுடுகாட்டுப் புகை இன்னும் அடங்கவில்லை. எனக்கோ நெஞ்சு குளிர்ந்திருந்தது.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அத்தை என்னிடம் வந்தாள்.

"மாப்ள, மாமா குடுத்த உருத்திராட்சத்தக் கொஞ்சம் காட்டுங்க. முப்பது வருசம் அதைப் போட்டுத்தான் பூசை பண்ணினாக. 'மூத்தவருக்குக் கடையில வாங்கிக் குடுக்கேன், அவருக்குப் பெத்த அய்யா இருக்காக. சின்னவருக்கு நான்தானே அய்யா'ன்னு சொல்லித்தான் ஒங்களுக்குக் கழட்டித் தந்தாக. ஒரு தடவ தொட்டுக்கிடுதேன்."

என் கை சட்டைக்கு மேலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த சகலை தன் சட்டைப் பொத்தானைத் திறந்தார். "இங்க இருக்கு அத்த. ஆத்துல குளிச்சப்போ மாறிப்போச்சு" என்றார். அத்தை அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

அவள் உள்ளே போனதும், அவர் கழற்றித் தருவார் என்று காத்திருந்தேன். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, அது..." என்று இழுத்தேன்.

"கரையிலேயே தெரியும் சகலை" என்றார் மெதுவாக. "ரெண்டு வருசமா ஒங்க கழுத்தப் பாத்துப் பாத்துப் புழுங்கிக்கிட்டு இருந்தேன். கேட்டா குடுத்திருப்பீயளா?"