அன்ரனின் நிறம்

படத்தில் இருக்கிறவரை அவர் இருந்ததைவிட ஒரு படி வெளுப்பாக்கிக் கொடுப்பதுதான் என் தொழில்; மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். இத்தாலியில், பலெர்மோவில் ஒரேத்தோ பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கல்யாண அல்பம், சாமத்தியவீட்டு பானர், அஞ்சலிப் படம் என்று எது வந்தாலும் கணினியில் திருத்திக் கொடுக்கிறேன். அடுத்தவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட என் கூட்டாளிகளே, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடுதான். ஆனாலும் அன்ரனின் படத்துக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊருக்குப் போகிற படம்

முதலில் வழக்கமான கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மா மகளோடு வந்தார். கல்யாண அல்பத்தில் மகளின் முகம் இன்னும் வெள்ளையாக வேண்டுமாம். மேக்கப் போட்டவர் ஒரு பூச்சு, படம் பிடித்தவர் ஒரு பூச்சு, அதற்கு மேல் நான் ஒரு பூச்சு பூசியாயிற்று. இன்னும் தள்ளினால் மூக்கு காணாமல் போய்விடும், இரண்டு துவாரம்தான் மிஞ்சும் என்று திரையில் செய்தே காட்டினேன்.

மகள் பக்கத்தில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று தெரிந்தும் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. "உங்கடை பிள்ளை இப்பிடியே நல்ல வடிவெல்லோ?" என்று கேட்டேன். அம்மா மகளை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார்.

"வடிவுதான், ஆர் இல்லையெண்டது? ஆனா படம் ஊருக்கெல்லோ போகுது."

ஒரு காது மட்டும்

ரெஜினா வந்தது வேறு மாதிரி. அவள் ஒரு இத்தாலியச் சினியோரா வீட்டில் துப்புரவு வேலை செய்கிறவள். புருசன் அன்ரன் சியாகுல்லியில் மந்தரீனோத் தோடம்பழத் தோட்டங்களில் வேலை செய்தவர். பஸ் தரிப்பில் கண்டு தலையாட்டுகிற அளவுக்கு எனக்கும் பழக்கம். மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் பூசைக்குத் தேவாலயப் பங்கு மண்டபத்தில் வைக்க ஒரு பெரிய படம் வேண்டும் என்று வந்திருந்தாள். போனை என்னிடம் நீட்டி, "இதிலை இருக்கிற ஆள் அவரில்லை, அக்கா" என்றாள்.

எனக்குப் பார்த்ததும் விளங்கியது. இப்போதைய போன்கள் கேட்காமலே முகத்துக்கு மா பூசிவிடும். விழா வீட்டுப் படங்களோ என்னைப் போன்றவர்கள் கைவைத்தவை. நிறத்தில் கைவைக்காதது அரசாங்கம் ஒன்றுதான் என்று அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால், அதில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அடித்திருக்கிறார்கள். இந்த ஊரில் இத்தனை வருடம் வாழ்ந்த ஒரு மனுசனுக்கு, அவருடைய நிறத்தில் ஒரு படம் இல்லை. கடைசியில் ஒரு ஞானஸ்நான வீட்டில் எடுத்த படத்தைத் தெரிந்தெடுத்தோம். நீலச் சேட்டோடு வாய் நிறையச் சிரிக்கிறார், முகம் முழுக்க மா. ஆனால் இடது காதில் மட்டும் போன் கைவைக்க மறந்திருந்தது. அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம் என்று சொன்னேன்.

"நிறம் பிழைச்சால் பரவாயில்லை எண்டு விட்டிடாதேங்கோ, அக்கா. பிள்ளை சின்னன். இந்தப் படத்தைத்தான் அப்பா எண்டு பாத்து வளரப் போறாள். வேறை ஆரையோ நான் அவளுக்குக் காட்டேலாது."

கோட்

அடுத்த நாள் லண்டனில் இருந்து அன்ரனின் தமையன் போன் எடுத்தார். தம்பியை ஐரோப்பாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். தம்பிக்குக் கோட்டும் டையும் போட்டுவிட வேண்டும் என்று கேட்டார். கேட்கிறவர்களுக்குப் புதினமாக இருக்கலாம், எனக்கு இல்லை. என் கணினியில் கோட்டுக்கென்றே ஒரு போல்டர் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது கோட்டைத் தொட்டும் பார்க்காத எத்தனையோ பேருக்கு நான் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ரெஜினா நீலச் சேட்டுத்தான் வேண்டும் என்கிறாள், நிறமும் உள்ளபடி வேண்டும் என்கிறாள் என்று சொன்னேன். மறுபக்கம் அவர் அழத் தொடங்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்த இடத்தில் இரக்கமும் வந்தது.

"தம்பி தோட்டத்திலை வெயிலுக்கை கிடந்து காஞ்சவன் எண்டு அவ்வளவு சனத்துக்கும் காட்டோணுமோ, தங்கச்சி? கோட் போட்டு, கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ. செத்தவனுக்கு அந்த மரியாதையாவது செய்வம்."

கதவடி

தமையன் சொன்னதை ரெஜினாவிடம் சொன்னேன். "அவர் வந்து பாக்கட்டும்" என்றுவிட்டு, கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள். நிறம் கேட்டு வந்தவள் அவள், ஆகவே அவள் சொல்லுத்தான் எனக்குச் சொல். சினியோரா வீட்டு வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், கையில் புளீச் மணம்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வெள்ளையாக்குவது சுலபம். திரும்பக் கறுப்பாக்குவதுதான் சீவன் போகிற வேலை. வெளிச்சத்தைக் குறைத்தால் கறுப்பு வராது, சாம்பல்தான் வரும். முதல் முறை குறைத்ததும் அன்ரன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற வருத்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார், ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கறுத்த தோலுக்குள் சிவப்பு உண்டு, மஞ்சள் உண்டு. காதில் இருந்து நிறத்தை எடுத்து, அதைக் கன்னத்துக்குக் கொண்டுவந்து, நிழலில் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். "இன்னும்" என்றாள். ஏற்றினேன். "இன்னும்." எனக்கே கை தயங்கியது, இவ்வளவு காலமும் இந்த ஸ்லைடரை மற்றப் பக்கம் தள்ளியே பழகிய கை. நெற்றியில் மட்டும் தொப்பி மறைக்கிற இடத்தைச் சற்று வெளிறலாக விடச் சொன்னாள். அதை விட்டதும் திரையில் இருந்த முகம் சட்டென்று பஸ் தரிப்பில் கண்ட முகமாகிவிட்டது.

காணுமா, இவ்வளவு போதுமா என்று கேட்டேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காலமை போகேக்கை ஒரு நிறம், அக்கா, பின்னேரம் வரேக்கை ஒரு நிறம். இது பின்னேரத்து நிறம். பிள்ளை கட்டிப்பிடிக்க ஓடும், 'பொறு, தொச்சா எடுத்திட்டு வாறன்' எண்டு கதவடியிலையே நிப்பார். தொச்சாவிலை குளிக்காமல் தூக்க மாட்டார். இதுதான் அவர்."

பட்டறைக்காரரின் உதவி

பெரிய படங்களை நான் பிரான்காச்சோவில் ஒரு அச்சுப் பட்டறையில்தான் அடிப்பிக்கிறேன். பட்டறைக்காரர் சினியோர் நினோ, பொல்லாத நல்ல மனுசர். பஸ் பிடித்துப் போய்ப் படத்தை விரித்தால், அன்ரன் திரும்பவும் மா பூசிக்கொண்டு சிரிக்கிறார். பைல் இருட்டாகக் கிடந்தது, எனக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்து, தானே வெளிச்சத்தைக் கூட்டி அடித்துவிட்டாராம். என்னிடம் நன்றி எதிர்பார்த்து நின்றார். வந்த அழுகையில் நான் தமிழில் ஏசிவிட்டேன், நல்ல வேளையாக அவருக்கு விளங்கவில்லை.

பிறகு இத்தாலியனில், இவர் சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்தவர், இதுதான் இவருடைய நிறம், மனைவி பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லச் செய்தது என்று விளக்கினேன். மனுசர் என் பைலைத் திரையில் திறந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கனநேரம் பார்த்தார். பிறகு தானே மெசினை மறுபடி ஓடவிட்டார்.

"மன்னியுங்கள், சினியோரா. நான் இருட்டு என்று நினைத்தேன். இது வெயில்."

பங்கு மண்டபம்

பூசை முடிந்து சனம் மண்டபத்துக்குள் வந்தது. படத்துக்கு மாலை போட்டு, இரண்டு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் லண்டனில் இருந்து வந்திருந்த தமையன் அப்போதுதான் படத்தைக் கண்டார். கோட் இல்லை. முகம் சிவந்துவிட்டது. என்னைத் தேடி வந்து, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கத்தக்கதாக, "இதென்ன வேலை? தோட்டத்தாலை நேரை வந்த மாதிரியெல்லோ நிக்கிறான்!" என்றார். ரெஜினா மகளின் கையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். சனம் தேத்தண்ணிக் கோப்பைகளோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் பிள்ளை படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நாளும் யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். தாயின் கையை விட்டுவிட்டுப் படத்தடிக்கு ஓடினாள். ஓடினவள், தொடுகிற தூரத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா பக்கத்தில் போய்க் குனிந்து, ஏனம்மா அப்பாவைத் தொடேல்லை என்று கேட்டார்.

"பப்பா இன்னும் தொச்சா எடுக்கேல்லை, பெரியப்பா."

தமையன் அந்தப் படத்துக்கு முன்னால் நிலத்திலேயே இருந்துவிட்டார். பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தம்பியின் முகத்தைக் கன நாளைக்குப் பிறகு கண்டவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, லண்டனுக்குக் கொண்டுபோக அதே படத்தில் இன்னொன்று அடித்துத் தரச் சொன்னார். கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

முகங்களை மாற்றியே பிழைக்கிற நான் ஒரேயொரு மனுசனை அவராகவே விட்டிருக்கிறேன், ஆகக் கூடுதலான வேலை பிடித்ததும் அதற்குத்தான், கூட்டாளிகளே.