பஞ்சுவுக்கு ஒரு துணை

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழற்றிவிட்டு, ஒரு கூண்டிலிருக்கும் மணல் கிண்ணத்தை எடுத்து அடுத்த கூண்டில் வைப்பேன். அந்தக் கூண்டின் கிண்ணத்தை இதில் வைப்பேன். இரண்டிலும் ஒரே மணல்தான், வாடை மட்டும் வேறு. ஜெர்மனியில் காஸல் நகரத்து மூன்றாவது மாடி வீட்டில் தனியாக இருக்கும் தேனிப் பக்கத்துக்காரி ஒருத்தியின் மாலைகள் இந்த வசந்த காலத்தில் இப்படித்தான் கழிந்தன.

சின்சில்லா என்றால் ஊரில் பலருக்குத் தெரியாது. அணில் வால், முயல் உடம்பு, எலிக் காது. ரோமம் அவ்வளவு அடர்த்தி என்பதால் தண்ணீரில் குளிப்பதில்லை, மணலில் புரண்டு எழும். வெயில் அறவே ஆகாது. நம் ஊரில் மார்கழி மதியம் என்று சொல்லும் சூட்டிலேயே அதற்கு மூச்சு வாங்கும், கருங்கல் பலகையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்துவிடும். என் சின்சில்லா பஞ்சுவை முதல்முதலாக வீடியோ அழைப்பில் காட்டியபோது அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது எலிதான? இங்கன பொறி வச்சுப் பிடிக்கிறத அங்கன கூண்டு வச்சு வளக்குறியா?" என்றாள்.

பஞ்சுவோடு கூடப் பிறந்தது ஒன்றும் என்னிடம் இருந்தது. குளிர்காலத்தில் அது செத்துப்போனது. அதற்குப் பிறகு பஞ்சு வைக்கோலைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டது, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. இன்னொன்றோடு சேர்த்து வைக்காவிட்டால் கஷ்டம் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். கைவிடப்பட்ட சிறு விலங்குகளைப் பராமரிக்கும் பிரிகிட்டே என்ற அம்மையாரைத் தேடிப் போனேன். அவரிடம் ஃப்ரீடா என்றொரு இளம் பெண் சின்சில்லா இருந்தது. கொடுப்பதற்கு முன்னால், ஃபெர்கெசெல்ஷாஃப்டுங் செய்ய உங்களுக்குப் பொறுமை உண்டா என்று கேட்டார். கெசெல்ஷாஃப்ட் என்ற சொல்லை நான் கம்பெனிப் பெயர்ப் பலகைகளில்தான் பார்த்திருந்தேன். எதையோ பதிவு செய்யச் சொல்கிறார் போல என்று நினைத்து, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அலுவலகம் இல்லை. உங்கள் குளியலறை" என்றார்.

பழையதையும் புதியதையும் பழக்குவதற்குத்தான் அந்த நீளமான பெயர். முதலில் கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்புறம் மணலை மாற்றி வைத்து ஒன்றின் வாடைக்கு மற்றதைப் பழக்க வேண்டும். பிறகு இரண்டுக்குமே சொந்தமில்லாத ஓர் இடத்தில் நேருக்கு நேர் விட வேண்டும். பழையதன் கூண்டுக்குள் புதியதை விட்டால் கொன்றுபோடவும் கூடும் என்று எச்சரித்தே அனுப்பினார். அவர் பயமுறுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். ஃப்ரீடாவின் கூண்டு வந்த அன்றைக்கே பஞ்சு பின்காலில் எழுந்து நின்று பல்லை நறநறத்து, கம்பி வழியாக மூத்திரத்தைப் பீய்ச்சி அடித்தது. இத்தனை காலம் என் மடியில் தூங்கிய பிராணி அது.

சொந்த ஊரான கோம்பையில் எங்கள் தென்னந்தோப்புக்கு அப்பா இரண்டாவது நாயைக் கொண்டுவந்த நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன கோம்பை நாய் என்றால் சும்மா இல்லை. பழைய நாயின் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, புதியதையும் அதன் முன்னாலேயே விட்டார். மண்ணும் ரத்தமுமாக உருண்டன. அம்மா ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதுகளே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றார். பழைய நாய்க்கு ஒரு காது பாதி போயிற்று. ஆனால் புதியது அதன் பின்னாடியே நடக்கப் பழகிக்கொண்டது. எங்கள் வீட்டில் எல்லாமே அப்படி ஒரே நாளில் முடியும்.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்தபோதும் அப்படித்தான் முடிந்தது. காரியம் நடந்த அன்று சாயங்காலமே தம்பி செந்தில் கோம்பை வீட்டைப் பூட்டி, ஒரு டிரங்குப் பெட்டியோடு அம்மாவைப் பழனிசெட்டிபட்டியிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். தனியாக விட முடியுமா என்று எல்லோரும் சொன்னோம். அதன் பிறகு அம்மா மொட்டைமாடியிலிருந்துதான் எனக்குப் போன் பேசினாள், அதுவும் ரகசியம் பேசுவதுபோல. "தண்ணி குடிக்க டம்ளர் எங்கன இருக்குன்னு கேக்க வேண்டியிருக்கு, கலா" என்றாள் ஒருநாள். தம்பி மனைவி ராஜேஸ்வரி நல்ல பெண். அவளும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அத்தை சரியாச் சாப்பிட மாட்டேங்குறாக, மதினி. நான் என்ன செஞ்சேன்னு சொல்லவும் மாட்டேங்குறாக. அடுப்படிக்குள்ள வந்தாகன்னாலே உப்புப் போட்டேனா இல்லையான்னு எனக்கு மறந்துபோகுது." இரண்டு பேரிடமும் நான் சொன்னது ஒன்றுதான்: கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லிவிட்டு மணல் கிண்ணங்களை மாற்றப் போய்விடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை குளியலறையில் இரண்டையும் விட்டேன். சத்தம் எதுவும் கேட்கக் கூடாதென்று போனை வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். ரத்தம் வந்தால் மட்டும் பிரியுங்கள், அதுவரை கையை நீட்டாதீர்கள் என்று பிரிகிட்டே சொல்லியிருந்தார். கையில் தடித்த துண்டோடு மூலையில் குந்தினேன். பஞ்சு நேராகப் பாய்ந்தது. ஃப்ரீடா சுவரில் உதைத்துத் திரும்பியது. கிறீச்சிட்ட சத்தம் ஓடுகளில் மோதி எதிரொலித்தது. சாம்பல் நிற ரோமம் கொத்துக் கொத்தாகப் பறந்து என் முழங்காலில் விழுந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் போன் மேசையில் அதிர்வது கேட்டது. நின்றது, மறுபடி அதிர்ந்தது. எழுந்து போனால் ஒன்று செத்துவிடும் என்று தோன்றியது. எழாமல் இருக்கவும் முடியவில்லை. துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஃப்ரீடா தலையைத் தரையோடு தாழ்த்தி மெல்லக் கீச்சென்றது. பஞ்சு அதன் முதுகை முகர்ந்தது, கடிக்கவில்லை. பிறகு இரண்டும் எதிரெதிர் மூலைக்குப் போய் மூச்சு வாங்கின.

போனை எடுத்தால் அத்தனையும் செந்திலின் அழைப்புகள். கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய அம்மாவைக் காணவில்லை. அல்லிநகரம், பஸ் ஸ்டாண்டு, தெரிந்த வீடுகள் என்று தேடியாகிவிட்டது. சர்க்கரைக்கார உடம்பு, மதிய வெயில், கையில் போனும் இல்லை. கடல்களுக்கு இந்தப் பக்கம் ரோமம் ஒட்டிய துண்டோடு நின்றேன். யாரைக் கூப்பிடுவது, எந்தத் தெருவில் ஓடுவது? கோம்பையில் பக்கத்து வீட்டுக்காரர் செந்திலுக்குப் போன் செய்த பிறகுதான் உயிர் வந்தது. பூட்டிய எங்கள் வீட்டு வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாளாம். சாவி தம்பியிடம் இருக்கிறது என்பதையே மறந்து பஸ் ஏறியிருக்கிறாள்.

தம்பியை அவன் நடத்தும் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ராஜேஸ்வரியே ஆட்டோ பிடித்துப் போனாள். அவசரத்தில் அவளும் சாவியை எடுக்கவில்லை. செந்தில் சாவியோடு போய்ச் சேரும்வரை மாமியாரும் மருமகளும் அந்த வாசலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று பிறகு ராஜேஸ்வரியிடம் கேட்டேன். அம்மாதான் ஆரம்பித்தாளாம். "நான் ஒங்கூடக் கோவிச்சுக்கிட்டு வரல, ராஜி. என் சட்டி பானைய எடுக்கத்தான் வந்தேன். ஓன் அடுப்படி எனக்கு வேணாம். எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தாப் போதும்." அதைக் கேட்டு ராஜேஸ்வரி அழுதுவிட்டாளாம், நிம்மதியில். அன்றைக்கே ஒற்றை அடுப்பும் பாத்திரங்களும் பழனிசெட்டிபட்டி மாடி அறைக்கு வந்தன.

கோடையில் நான் ஊருக்குப் போனேன். சின்சில்லாக்கள் இரண்டையும் பிரிகிட்டே வைத்துக்கொண்டார். மதிய நேரம் வீட்டுக்குள் நுழைந்தால் கீழே ராஜேஸ்வரி எனக்கென்று சமைத்து வைத்திருந்தாள், மாடியில் அம்மாவும் சமைத்திருந்தாள். எங்கே சாப்பிடுவது என்று தெரியாமல் படிக்கட்டில் பாதி வழியில் நின்றேன். ராஜேஸ்வரி சோற்றுத் தட்டோடு மேலே வந்தாள், அம்மா குழம்புச் சட்டியோடு கீழே இறங்கினாள். "அங்கனயே உக்காருத்தா" என்றாள் அம்மா. உட்கார்ந்தேன். போனில் ஒரு படம் வந்தது, ஒரே சாம்பல் பந்தாகச் சுருண்டு தூங்கும் இரண்டு உருவங்கள். எது பஞ்சு, எது ஃப்ரீடா என்று எனக்கே தெரியவில்லை. படத்துக்குக் கீழே பிரிகிட்டே ஒரு வரி எழுதியிருந்தார்: வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள்?

குழம்பை ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டாள், "எப்பத்தா ஊருக்குப் போற?"

இரண்டு கேள்விக்கும் ஒரே தேதிதான். சோற்றைப் பிசைந்தேன்.